எந்த விரலில், யாருக்காக? – வாசகர் கேள்வி பதில்

திருமணத்தில் மணமகளின் காலை அம்மியின்மேல் வைத்து மெட்டி அணிவிப்பது ஏன் என்று சென்ற மாதம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவள் மணமானவள் என்பதை ஊருக்கு அறிவிக்கும் அடையாளம் அது என்று ஒற்றை வரியில் பதில் எழுதி, அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒற்றை வரி போதாது என்பதை அதன்பின் வந்த கடிதங்கள் எனக்கு உணர்த்தின. அவற்றுள் பெரும்பாலானவை நம் மலைப்பகுதியிலிருந்தே வந்தவை, மோதிரத்தையோ மெட்டியையோ முன்னிட்டு வீட்டிலும் வேலையிடத்திலும் நேர்ந்த மனத்தாங்கல்களைச் சொல்பவை. ஆகவே இந்த மாதப் பக்கங்கள் முழுவதையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

என் வீடு குன்னூர். எனக்கு நிச்சயிக்கப்பட்டவரின் வீடு மேட்டுப்பாளையம். புரோகிதர் இல்லாமல், மாலையும் மோதிரமும் மாற்றிக்கொண்டு திருமணம் செய்துகொள்ள இருவரும் முடிவு செய்திருக்கிறோம். இடக்கை மோதிர விரலில்தான் அணிய வேண்டும் என்று என்னுடன் வேலை பார்க்கும் தோழிகள் சொல்கிறார்கள். இடக்கையில் போடுவது மங்கலம் ஆகாது என்று என் பாட்டி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறார். எது சரி?
– வாசகி, குன்னூர்

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு அதில் நேரடியான பதிலே இருக்கிறது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967ஆம் ஆண்டில், இந்து திருமணச் சட்டத்துக்குத் தமிழ்நாடு ஒரு திருத்தம் கொண்டுவந்து 7அ என்ற பிரிவைச் சேர்த்தது. இந்துக்களாகிய இருவர் உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், தங்களுக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகச் சொன்னாலும், மாலை மாற்றிக்கொண்டாலும், மோதிரம் அணிவித்துக்கொண்டாலும், தாலி கட்டினாலும் அத்திருமணம் செல்லும் என்று அப்பிரிவு கூறுகிறது. மோதிரத்தைப் பற்றிச் சொல்லும்போது, மற்றவருடைய ஏதேனும் ஒரு விரலில் அணிவித்தால் போதும் என்றுதான் அதில் எழுதப்பட்டிருக்கிறது. வலக்கையா இடக்கையா என்பதும், எந்த விரல் என்பதும் உங்கள் இருவருடைய விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கின்றன.

இனி உங்கள் தோழிகள் சொல்வதற்கு வருகிறேன். இடக்கையின் நான்காம் விரலிலிருந்து ஒரு நாளம் நேராக இதயத்துக்குச் செல்கிறது என்று பழைய உரோமானியர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை ஐரோப்பாவில் பரவி, ஆங்கிலேயர் வழியாகவும் மிஷனரிகள் வழியாகவும் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வந்து சேர்ந்தது. எல்லா விரல்களின் இரத்தமும் ஒரே வகையில்தான் இதயத்துக்குத் திரும்புகிறது என்பதால் உடற்கூற்றில் அதற்கு ஆதாரம் கிடையாது. ஐரோப்பாவிலேயே இவ்வழக்கம் ஒன்றுபோல இல்லை; செருமனி, போலந்து, உருசியா ஆகிய நாடுகளில் மணமோதிரத்தை வலக்கையில் அணிகிறார்கள். யூதர்களின் திருமணச் சடங்கில் மணமகளின் வலக்கைச் சுட்டுவிரலில் மோதிரம் அணிவிக்கப்படுகிறது.

உங்கள் பாட்டியின் மறுப்புக்கும் வேர் இருக்கிறது. சடங்குகளில் தருப்பைப் புல்லைத் திரித்துப் பவித்திரமாக முடிந்து வலக்கை மோதிர விரலில்தான் மாட்டுகிறார்கள். கொடுப்பதும் வாங்குவதும் உண்பதும் ஆசி வழங்குவதும் வலக்கையால் என்று வளர்ந்த தலைமுறைக்கு, வாழ்க்கையின் முதற்பெரும் மங்கலத்தை இடக்கையில் ஏற்பது மனத்தை உறுத்தத்தான் செய்யும். நிச்சயதார்த்தத்தில் மோதிரம் மாற்றுவது அவர் காலத்தில் பெரும்பாலான குடும்பங்களில் கிடையாது. தாம்பூலத் தட்டு மாறினால் சொல் உறுதியாயிற்று என்று பொருள். ஆகவே தமக்குப் பழக்கமில்லாத ஒரு செயலைத் தமக்குத் தெரிந்த ஒரே அளவுகோலால் அவர் அளக்கிறார்.

நம் மொழி ஒரு விரலுக்கு மோதிர விரல் என்று பெயரிட்டதே தவிர, அது எந்தக் கையின் விரல் என்று வரையறுக்கவில்லை. மணமேடையில் வலக்கையில் அணிந்துகொண்டு பாட்டியின் கையால் அட்சதை வாங்குங்கள் என்பது என் ஆலோசனை. பின்னர் எந்தக் கையில் வேலைக்கு இடைஞ்சல் இல்லையோ அந்தக் கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கணையாழி என்றதும் தமிழர் அனைவருக்கும் நினைவுக்கு வருவது அசோகவனத்தில் அனுமன் சீதையிடம் காட்டிய இராமனின் மோதிரம்தான். அங்கும் அது எந்த விரலுக்கு உரியது என்பதைப் பற்றிய பேச்சு எழவில்லை. அதை அனுப்பியவன் யார் என்பதை அவள் அறிந்துகொண்டாள் என்பதே அந்த இடத்தின் உயிர்.

நடைமுறைச் செய்தி ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். குளிரில் விரல்கள் சுருங்கும், வெயிலில் சற்று வீங்கும். மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ பிற்பகல் வெயிலில் அளவெடுத்து வாங்கிய மோதிரம் சனவரி மாதக் காலையில் குன்னூரில் பாத்திரம் துலக்கும்போது கழன்று போய்விடும். உறைபனிக் காலையில் இங்கே எடுத்த அளவு, சித்திரை மாதம் கீழே இறங்கியதும் விரலை இறுக்கும். திருமணத்துக்குப் பின் நீங்கள் எந்த ஊரில் அதிக நாள் இருக்கப் போகிறீர்களோ அந்த ஊரில், காலையும் அல்லாத மாலையும் அல்லாத நேரத்தில், இரண்டு முறை அளவு பாருங்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி உதகைக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. என்னுடன் பணிபுரியும், இந்த ஊரையே சேர்ந்த ஒரு பெண்ணிடம், "கல்யாணமாகி மெட்டி போடாமல் இருக்கிறீர்களே" என்று இயல்பாகத்தான் கேட்டேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் கேட்டதில் என்ன தவறு?
– வாசகி, உதகை

உங்கள் உள்ளத்தில் தீங்கு இல்லை என்பதை நம்புகிறேன். ஆனால் மெட்டியை மணமான பெண்ணின் அடையாளமாகக் கொள்ளாத மக்கள் நீலகிரியில் தொன்றுதொட்டு வாழ்கிறார்கள் என்பதை இங்கு பணிக்கு வருகிற எவரும் முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

தோடர் மரபில், கருவுற்ற பெண்ணுக்கு அவள் கணவன் சிறு வில்லும் புல்லால் ஆன அம்பும் கொடுக்கும் சடங்கே தலையாயது. பிறக்கப்போகும் குழந்தைக்குத் தந்தை யார் என்பதை அந்த வில்லே உறுதிப்படுத்துகிறது. படகர் மரபில், முதல் கருவுற்ற காலத்தில் கணவன் மனைவியின் கழுத்தில் கட்டும் நூலுக்கு மணத்தை முழுமையாக்கும் இடம் இருந்தது. கோத்தர்களோ இந்த மலையின் கொல்லர்களாகவும் தட்டார்களாகவும் இருந்தவர்கள். ஏழு ஊர்களில் வாழ்ந்துகொண்டு, தோடருக்கும் படகருக்கும் இரும்புக் கருவிகளோடு பொன், வெள்ளி வேலைகளும் செய்து கொடுத்தார்கள். வெள்ளியை உருக்கத் தெரிந்தவர்கள் பக்கத்து ஊரிலேயே இருந்தும் கால்விரலில் மோதிரம் மாட்டுவது இங்கே மணத்தின் சின்னமாக ஆகவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. யார் யாருக்கு உறவு, யார் எந்த வீட்டுக்கு மணமாகி வந்தவர் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்த ஊர்கள் அவை.

இன்று சமவெளிப் பழக்கத்தைப் பார்த்து மெட்டியும் தாலியும் அணிகிற குடும்பங்கள் இம்மக்களிடையே உண்டு. அணியாத குடும்பங்களும் உண்டு. இரண்டில் எது சரி என்று வெளியிலிருந்து வந்தவர் தீர்ப்புச் சொல்ல இயலாது. உங்கள் கேள்வி அவர் காதில், "உங்கள் வீட்டு மணம் எங்கள் கணக்கில் மணமாகத் தெரியவில்லையே" என்பதாக விழுந்திருக்கக்கூடும். நான் கோத்தகிரியில் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் ஒரு மாணவியின் தாயிடம் ஏறத்தாழ இதே கேள்வியைக் கேட்டு, அவர் ஒன்றும் சொல்லாமல் புன்னகைத்ததன் பொருள் விளங்காமல் இருந்தவள். அந்தப் புன்னகையை நினைத்தால் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. உங்களுடன் பணிபுரியும் அந்தப் பெண்ணிடம் சென்று, "எனக்குத் தெரியாமல் கேட்டுவிட்டேன், உங்கள் வழக்கத்தைச் சொல்லித் தாருங்கள்" என்று நேராகக் கேளுங்கள். இம்மலை மக்கள் தம் வழக்கங்களை மரியாதையோடு கேட்பவருக்கு மறைப்பதில்லை.

இதே எச்சரிக்கை ஆண்களின் விரலைப் பார்க்கும்போதும் வேண்டும். மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு முசுலிம் வீட்டுத் திருமணத்துக்குச் சென்று வந்த ஒருவர், மாப்பிள்ளைக்கு வெள்ளி மோதிரம்தான் போட்டார்கள், வசதி குறைவு போலிருக்கிறது என்று என்னிடம் வருத்தப்பட்டார். இசுலாமிய நெறியில் ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டது, வெள்ளி ஏற்கத்தக்கது. அந்த வீட்டார் தம் நெறிக்கு உண்மையாக இருந்தார்கள். பார்த்தவர் அதை வறுமை என்று வாசித்துவிட்டார்.

என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரப் பகுதியில் வேலை செய்கிறார். திருமணத்தின்போது என் அப்பா போட்ட அரைப் பவுன் மோதிரத்தை ஒரு வருடமாக அவர் அணிவதே இல்லை. கேட்டால் மேலாளர் கழற்றச் சொன்னார் என்கிறார். நான் மட்டும் தாலி, மெட்டி, குங்குமம் என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டிருக்கிறேன். எனக்கு வருத்தமாக இருக்கிறது.
– வாசகி, கோத்தகிரி வட்டம்

உங்கள் வருத்தத்தை யாரும் சிறிதாக எண்ண வேண்டாம். தமிழ்ப் பெண்ணின் உடலில் மணத்துக்கு உச்சி முதல் கால்விரல் வரை அடையாளங்கள் இருக்கின்றன. ஆணுக்கோ, சில சமூகங்களில் திருமணத்தன்று மட்டும் அணிவிக்கப்படும் கால்மோதிரத்தைத் தவிர, நாள்தோறும் தாங்க வேண்டிய சின்னம் ஒன்றும் கிடையாது. அப்படி இருக்கும்போது, மாமனார் வீட்டு மோதிரம் ஒன்றுதான் அவர் உங்களுக்கு உரியவர் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதுவும் கழன்றதும் உங்கள் பக்கத்துத் தட்டு மட்டும் தாழ்ந்துவிட்டதாகத் தோன்றுகிறது. இந்த ஏற்றத்தாழ்வு உண்மையானது; அதை நீங்கள் உணர்வது நியாயமானது.

ஆனால் மேலாளர் சொன்னதும் முழுக்க உண்மை. சி.டி.சி. (நசுக்கி, கிழித்து, சுருட்டும்) முறையில் தேயிலை அரைக்கும் இயந்திரத்தில், பற்கள் வெட்டப்பட்ட இரண்டு உருளைகள் ஒன்றை நோக்கி ஒன்று வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. சட்டைக் கையோ விரலில் உள்ள மோதிரமோ சுழலும் பகுதியில் சிக்கினால், கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. மோதிரம் எங்கேனும் மாட்டி இழுபட்டாலே விரலின் தோலும் தசையும் கையுறையைக் கழற்றுவதுபோல் உரிந்துவிடும் என்பது அறுவை மருத்துவர்கள் நன்கு அறிந்த காயம்; பல வேளைகளில் விரலையே எடுக்க வேண்டியிருக்கிறது. உருளைகளுக்கு அருகில் வேலை செய்பவர்க்கு மோதிரத்தை மட்டுமல்ல, தொங்கும் சங்கிலியையும் அனுமதிக்கக் கூடாது. ஆகவே மோதிரத்தைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொள்ளும் மாற்று வழியும் உங்கள் கணவருக்குப் பொருந்தாது. அறுவை அரங்கில் பணிபுரியும் செவிலியர்களும் தொற்று பரவும் என்பதால் மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்கிறார்கள்.

இலை பறிக்கும் பெண்களையும் நினைத்துப் பாருங்கள். இரண்டு இலை ஒரு மொட்டு என்று நாள் முழுதும் கிள்ளும் விரல்களில் துணியோ இரப்பரோ சுற்றியிருக்கிறார்களே தவிர மோதிரம் அணிந்திருப்பவர்கள் குறைவு. அட்டைக்கும் ஈரத்துக்கும் அஞ்சி நீண்ட இரப்பர் காலணி அணிபவர்கள், மெட்டி விரலை நெருக்குகிறது என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதும் உண்டு. அவர்களுடைய கணவன்மார் அதற்காக மனம் வருந்தியதாக எந்தக் கடிதமும் எனக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும், தேவாலயம் அல்லது கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் போகும்போதும் அவர் அதை அணியட்டும். மற்ற நாட்களில் அந்த மோதிரம் வீட்டில் இருக்கும் இடம் அவர் தம் கையால் வைத்த, நீங்கள் இருவரும் அறிந்த இடமாக இருக்கட்டும். இன்னொன்றையும் மெல்லக் கேளுங்கள்: அது வீட்டில்தான் இருக்கிறதா? மலையில் பச்சைத் தேயிலை விலை விழும் மாதங்களிலும், சூன் மாதத்தில் பள்ளிக் கட்டணம் கட்டும்போதும், வீட்டில் முதலில் அடகுக் கடைக்குப் போவது ஆணின் மோதிரம்தான். அப்படியிருந்தால், உங்கள் நகையைத் தொடாமல் தன்னுடையதை வைத்துவிட்டு அதைச் சொல்ல அவர் வெட்கப்படுகிறார் என்று பொருள். சண்டையாகக் கேட்காதீர்கள்.

மசினகுடி போகும் வழியில் ஒருவரிடம் யானை முடி மோதிரம் வாங்கினேன். அணிந்தால் பயம் போகும் என்றார். பிறகு சிலர், இது சட்டப்படி குற்றம் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், கூடலூர்

உண்மை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 1977 முதல் ஆசிய யானை முதலாம் அட்டவணையில் இருக்கிறது. அதன் தந்தத்தைப் போலவே முடியையும் முடியால் செய்த பொருளையும் விற்கவோ வாங்கவோ கூடாது. முதலாம் அட்டவணை விலங்குகள் தொடர்பான குற்றத்துக்கு 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வாலின் முடி யானைக்கு ஈயையும் கொசுவையும் விரட்டும் கருவி. அதைப் பிடுங்குவது வலி தருவது. உங்களுக்கு விற்கப்பட்டது வெறும் நெகிழியாக இருக்கவும் கூடும். ஆனால் அது நெகிழியாக இருக்கட்டும் என்று நம்பி அணிந்துகொண்டிருப்பது தீர்வாகாது. ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். முதுமலைக் காட்டின் ஓரத்தில் வாழும் நமக்கு யானையிடம் அச்சம் இருப்பது நல்லது. அந்த அச்சம் போகாமல் இருப்பதுதான் நமக்கும் அதற்கும் பாதுகாப்பு.

"குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும்" என்பதன் பொருள் என்ன? மோதிரத்தோடு குட்டினால் அதிகமாக வலிக்குமே?
– மாணவி, கொடைக்கானல்

வலிக்கத்தான் செய்யும், மகளே. தகுதி உடையவரின் கண்டிப்பு, தகுதி இல்லாதவரின் பாராட்டைவிட மேலானது என்பது பொருள். அக்காலத்தில் எல்லாருடைய விரலிலும் மோதிரம் இருந்ததில்லை. அரசரும் செல்வரும் புலமைக்காகப் பரிசு பெற்றவரும் அணிந்தார்கள். முத்திரை மோதிரத்தை வைத்து அழுத்தினால் அதுவே ஆணையாயிற்று. ஆகவே மோதிரக் கை என்பது இங்கே மதிப்புப் பெற்ற கை. மோதிரம் அணிவித்து ஒருவரைச் சிறப்பிக்கும் அவ்வழக்கத்தின் தொடர்ச்சியை இன்றும் காணலாம்: தாய்மாமன் குழந்தைக்கு மோதிரம் போடுகிறார், தலைவர்களின் பிறந்தநாளன்று அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்குக் கட்சியினர் தங்க மோதிரம் அணிவிக்கிறார்கள். இராசிக்கல் பற்றியும் கேட்டிருந்தாய். எந்தக் கல் எந்த விரலுக்கு என்பதைச் சோதிடரிடம் கேட்க வேண்டும். அதற்கு இந்தப் பக்கத்தில் இடமில்லை.

என் கணவர் இறந்து 14 மாதங்கள் ஆகின்றன. எனக்கு வயது 36. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே என் மெட்டியைக் கழற்றிவிட்டார்கள். எங்கள் நிச்சயதார்த்தத்தில் என் அம்மா அவருக்குப் போட்ட மோதிரத்தை, நூல் சுற்றி என் வலக்கை நடுவிரலில் அணிந்திருக்கிறேன். அத்தை அதைக் கொழுந்தனுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார். பணியிடத்தில் ஒருவர், "இன்னும் யாருக்காக மோதிரம்" என்று கேட்டார். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள், "அம்மா, உன் கால் விரல் ஏன் வெள்ளையாக இருக்கிறது" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் செய்வது தவறா?
– வாசகி, கூடலூர் அருகில்

தவறு அல்ல, சகோதரி. உங்கள் கடிதத்தை நான் பலமுறை படித்தேன்; உங்கள் மகளின் கேள்வியிடம் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டேன்.

என் தந்தை இறந்த இரவில், என் அம்மாவின் மெட்டியைக் கழற்ற உறவுப் பெண்கள் மூவர் உட்கார்ந்தார்கள். 38 ஆண்டுகள் கழற்றாத மெட்டி. விரல் அதைச் சுற்றி வளர்ந்துபோயிருந்தது. சோப்பு போட்டுப் பார்த்தார்கள், எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், வரவில்லை. இறுதியில் இடுக்கியால் நெளித்து வெட்டினார்கள். அம்மா கூடத்தில் கிடத்தியிருந்தவரைப் பார்த்துக்கொண்டு, காலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்தார். அந்த இரு விரல்களிலும் வெயில் படாத வெள்ளை வளையம் அவர் இறக்கும்வரை மறையவில்லை. சடங்கு என்று செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர்; அவர்களுக்கும் அப்படித்தான் செய்யப்பட்டிருந்தது. ஆனால் அன்று அந்த அறையில் ஒருவராவது அவரைக் கேட்டிருக்க வேண்டும் என்று நான் இப்போதும் நினைக்கிறேன்.

மெட்டியைப் பற்றி இரண்டு செய்திகளைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அதை அணியும் இரண்டாம் கால்விரலிலிருந்து ஒரு நரம்பு கருப்பைக்குச் செல்கிறது, ஆகவே மணமான பெண்ணுக்கு மட்டும் அது நலம் தரும் என்று பலரும் சொல்கிறார்கள். அப்படி ஒரு நரம்பு மனித உடலில் இல்லை. பொன் திருமகளுக்கு உரியது என்பதால் இடுப்புக்குக் கீழே அணியக் கூடாது, ஆகவே வெள்ளி என்பது ஒரு மரபுக் காரணம்; அது வழக்கம், மருத்துவம் அன்று. எனவே மெட்டியை வைத்திருப்பதும் நீக்குவதும் உங்கள் உடலுக்கு எதுவும் செய்யப் போவதில்லை. அது முழுக்க முழுக்கப் பிறர் பார்வைக்காக ஏற்பட்ட செய்தி. அந்தச் செய்தியை இனிச் சொல்ல வேண்டுமா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்.

உங்கள் கையில் இருக்கும் மோதிரமோ வேறு வகையைச் சேர்ந்தது. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில், கணவன் போர்ப் பாசறையில் இருக்க, பாண்டிமாதேவி வாடைக்கால இரவில் தனித்திருக்கிறாள். பொன் வளையல் அழுந்திய தழும்பு மட்டும் இருக்கும் முன்கையில் இப்போது சங்கு வளையலும் காப்பு நூலும் இருக்கின்றன. ஆனால் வாளை மீனின் திறந்த வாயைப்போல் வளைத்துச் செய்த சிவந்த மோதிரம் அவள் விரலில் இருக்கிறது. அவள் கைம்பெண் அல்லள். உங்கள் நிலையும் அவள் நிலையும் ஒன்றல்ல. எனினும், எல்லா அணியும் குறைந்த கையில் மோதிரம் ஒன்று தங்கியிருப்பதைப் பார்த்து எழுதிய ஒரு புலவர் நம்மிடையே இருந்தார் என்பதை உங்களிடம் சொல்ல விரும்பினேன்.

உரிமையைப் பொறுத்தவரை, 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகள் அவருடைய மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோர். உடன்பிறந்த தம்பி அவ்வகுப்பில் வரமாட்டார். ஆகவே அந்த மோதிரத்தில் உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் உங்கள் அத்தைக்கும் பங்கு உண்டு. கொழுந்தனுக்கு அது தானாகச் சேராது.

ஆனால் அத்தையிடம் சட்டத்தைச் சொல்லித் தொடங்க வேண்டாம். தன் மகனின் விரலில் இருந்த ஒன்று இன்னொரு மகனின் விரலில் தொடர்ந்தால் அவன் முற்றாகப் போய்விடவில்லை என்று தோன்றும் தாய்மனத்தை நான் அந்த வேண்டுகோளில் காண்கிறேன். அவர் பிடித்துக்கொள்ள விரும்புவதும் நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பதும் ஒருவரையே. ஒரு மாலை, மோதிரத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, "அத்தை, இன்று இரவு இது உங்களிடம் இருக்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். அதன் பிறகு உங்கள் கணவருடைய வேறு பொருள் ஒன்றை, கைக்கடிகாரத்தையோ கம்பளிச் சட்டையையோ, கொழுந்தனுக்குக் கொடுக்கலாமா என்று அவரையே கேளுங்கள். மறுநாள் மோதிரத்தை அவரே உங்களிடம் திருப்பித் தருவார் என்று உறுதி கூற என்னால் இயலாது. தராவிட்டாலும், அடுத்த நாளும் அதன் மறுநாளும் பேசுவதற்கு உங்கள் இருவருக்கும் ஒரு வாயில் திறந்திருக்கும்.

பணியிடத்தில் கேட்டவருக்கு, "இது என் கணவருடையது" என்ற மூன்று சொற்களுக்கு மேல் நீங்கள் கடன்பட்டிருக்கவில்லை. மகளுக்கு மட்டும் முழுப் பதில் கொடுங்கள். அந்த இடத்தில் மெட்டி இருந்தது, அப்பா அம்மியில் என் காலை வைத்துப் போட்டார், அவர் இறந்ததும் வழக்கப்படி கழற்றிவிட்டார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை அல்லது பிடித்திருந்தது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கழற்றிய மெட்டி உங்களிடம் இருந்தால் அவளிடம் காட்டுங்கள். பதினொரு வயதுப் பெண் அதைத் தாங்குவாள். தெரியாமல் இருப்பதைத்தான் அவள் தாங்கமாட்டாள்.

நூல் சுற்றிய மோதிரத்தைப் பற்றி ஒன்று. நூல் ஈரத்தில் ஊறி, மலையில் உலராமல் இருந்து விரலைப் புண்ணாக்கும். அதனால் நூலுக்குப் பதிலாக அளவைக் குறைத்துவிடுவது நல்லது. பட்டறையில் உங்கள் கண்முன்னே செய்யக் கூடிய ஆசாரியிடம் கொடுங்கள். உருக்கிப் புதிதாகச் செய்து தருகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள். வளையத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்து, இரு முனைகளையும் சேர்த்துப் பற்றவைத்தால் போதும். வெட்டிய துண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உட்புறத்தில் பெயரோ நாளோ பொறித்திருந்தால், அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் வெட்டும்படி முன்கூட்டியே சொல்லுங்கள்.